நான் கொட்டிய கடல்

என் தங்கை பாக்கியத்தின் கைபிடித்து எங்கள் குடும்பத்துக்குள் வந்து, காலப்போக்கில் எனக்கு வாய்த்த ஒரே தோழராகவும் ஆகிப்போன கதிரேசன் மாப்பிள்ளைக்கு,

அங்கே குளிர் எப்படி? நாம் எப்போது சந்தித்தாலும் முதலில் அதைத்தானே கேட்டுக்கொள்வோம். தலவாக்கலையில் இந்த வாரம் பனிமூட்டம் இறங்கிவிட்டது. காலை எட்டு மணியாகியும் எதிர்வீட்டுக் கூரை கண்ணுக்குத் தெரிவதில்லை. உங்கள் முன்னறையில் மட்டும் நான்கடி நீளத்துக்கு ஒரு கடல் இளஞ்சூட்டோடு இருக்கிறது. அதன் வெப்பமானியை நாளுக்கு மூன்று முறை பார்க்கிறேன். நீங்கள் ஐந்து முறை பார்ப்பீர்கள் என்று பாக்கியம் சொல்லிக்காட்டுகிறாள்.

நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. இவ்வளவு நாளும் நான் எழுதாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எழுதினால் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். உங்கள் உடல் வாசலைத் தாண்டிய அன்றே, நீங்கள் உயிராய் வளர்த்தவற்றை என் வாயால் கட்டளையிட்டுக் கொட்டச் செய்தேன். 'மயிலு' என்று நீங்கள் பெயரிட்டு அழைத்த அந்த நீலமும் செம்மஞ்சளும் கலந்த சின்னஞ்சிறு மீன், பட்டினியின் விளிம்புவரை போய் நின்றது. அதற்கு வேறெவரும் காரணமில்லை. நான்தான்.

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பில் ஆயுள் முழுவதும் டீமேக்கராக இருந்த ஒருவர், ஓய்வு பெற்றதும் காய்கறித் தோட்டம் போடுவார், கோழி வளர்ப்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. நீங்கள் உப்புத் தண்ணீர் வளர்த்தீர்கள். கொழும்பிலிருந்து கடலுப்புத் தூளை மூட்டையாக வருவித்து, ஊற்றுத் தண்ணீரை வடிகட்டி அதில் கரைத்து, மலையுச்சியில் மீன்தொட்டி வைத்தீர்கள். பூண்டுலோயாவிலிருந்து பஸ் ஏறி வந்து நான் உங்களைப் பரிகசித்த நாள் நினைவிருக்கிறதா?

"மாப்பிள்ளை, இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? மீன் பாக்கணும்னா திருகோணமலைக்கு பஸ் ஏறுனா போச்சு."

நீங்கள் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னீர்கள். "மச்சான், நீங்க தெனமும் கைலாசத்தப் பாடுறீங்க. ஒரு தடவையாவது பஸ் ஏறிப் போயிருக்கீங்களா? சாமிய நீங்க இருக்கிற எடத்துக்குத்தானே வரச் சொல்றீங்க? நானும் கடல அப்படித்தான் கூப்புட்டிருக்கேன்."

அடுக்களையிலிருந்து பாக்கியம் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. நாற்பது ஆண்டு தமிழ் கற்பித்தவன், கோயிலில் பதிகம் பாடுகிறவன், ஒரு டீமேக்கரிடம் வாதத்தில் தோற்று உட்கார்ந்திருந்தேன். நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தார்கள்; மலைக்குக் குறிஞ்சி என்றும் கடற்கரைக்கு நெய்தல் என்றும் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வத்தையும் ஒரு மனநிலையையும் வகுத்தார்கள். ஒரு நிலத்தின் பொருள் மற்றொரு நிலத்தில் வந்து கலப்பதையும் அவர்கள் குற்றமென்று தள்ளவில்லை. அதற்கும் இடம் வைத்தார்கள். குறிஞ்சிக்குள் நெய்தலை உப்புக் கரைத்துக் கொண்டுவந்த ஒரு மனிதரை நேரில் காணும்வரை அந்த இலக்கணம் எனக்கு ஏட்டில்தான் இருந்தது.

அன்று பிற்பகல் உங்கள் உருப்பெருக்கியை என்னிடம் நீட்டினீர்கள். தேயிலைத் தூளின் மணியை ஆராய நீங்கள் தொழிற்சாலையில் வைத்திருந்த அதே கண்ணாடி.

"கண்ணாடிச் செவுத்துல வெள்ளையா புள்ளி தெரியுதா மச்சான்? மூச்ச அடக்கிட்டுப் பாருங்க."

பார்த்தேன். எள்ளைப் பத்தாக நறுக்கியது போன்ற ஒரு புள்ளி. ஓரிடத்தில் இருந்தது. மறுகணம் வேறோர் இடத்தில் இருந்தது. இடையில் அது எப்படிப் போனதென்று கண் அறியவில்லை. உருப்பெருக்கியை இன்னும் நெருக்கியபோது, துளி வடிவ உடலும், தலையில் ஒரு சோடி உணர்கொம்பும், அடிவயிற்றில் ஒட்டிய முட்டைப் பொதியும் தெரிந்தன. முகத்தின் நடுவில் ஒரே ஒரு கண்.

"ஒத்தக் கண்ணு," என்றீர்கள். "நெத்தியில. உங்க ஆளு மாதிரியே."

அணுவுக்குள் அணுவாய் நிற்பவன் என்று எத்தனை முறை பாடியிருப்பேன்! பாடும்போதெல்லாம் அது சொல்லாகவே இருந்தது. அன்றுதான் அது பொருளாயிற்று.

ஆனால் மாப்பிள்ளை, அடுத்து நடந்ததையும் சொல்லவேண்டும். அந்த உயிர்களை ஆங்கிலத்தில் கோப்பிபொட் என்பார்கள் என்றும், மயிலு அவற்றைத் தவிர வேறெதையும் உண்ணாது என்றும், அதனால் அவற்றைத் தனியே வளர்த்துத் தொட்டிக்கு அனுப்புவதே உங்கள் அன்றாட வேலை என்றும் நீங்கள் விளக்கிக்கொண்டே போனீர்கள். நானோ அதற்கு ஒரு நல்ல தமிழ்ப்பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன். கால்களைத் துடுப்புபோல் வீசுவதால் 'துடுப்புக்காலி' என்று சொன்னேன். "நல்லா இருக்கு மச்சான். ஆனா கூப்புட்டா வராது. நான் பொடிசுங்கன்னுதான் கூப்புடுறேன்," என்று சிரித்தீர்கள். பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் இருந்த எனக்கு, நீங்கள் அவற்றை எங்கே வளர்க்கிறீர்கள் என்று சொன்ன பகுதி செவியில் ஏறவில்லை. சன்னலோரத்தில் ஆறு போத்தல்கள் வரிசையாக இருந்தன. மூன்றில் பச்சைத் தண்ணீர். மூன்றில் ஆறிப்போன தேநீர் நிறத்தில் ஏதோ கலங்கல். செடிக்கு ஊற்றும் உரத்தண்ணீர் என்று நானாகவே எண்ணிக்கொண்டேன். கேட்கவில்லை.

கேட்டிருக்கலாம் அல்லவா?

பிறகு அந்தக் காலை வந்தது. நெஞ்சைப் பிடித்தபடி நாற்காலியில் அமர்ந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பிற்பகல் உங்களைத் தூக்கினோம். சாவு வீட்டில் நின்ற தண்ணீரை வைத்திருப்பது நம்மிடையே வழக்கமில்லை. உடல் வாசலைத் தாண்டியதும் குடத்தையும் வாளியையும் கவிழ்த்து, வீட்டைக் கழுவி, புதுத்தண்ணீர் பிடித்து வைக்கவேண்டும். சடங்கில் எதுவும் தவறக்கூடாது என்று எண்ணுகிறவன் நான். ஆகவே படி இறங்குமுன் திரும்பி நின்று, உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு ராக்கம்மாவிடம் சொன்னேன்.

"வீட்டுல நிக்கிற தண்ணி ஒரு சொட்டு இருக்கக் கூடாது. குடம், வாளி, போத்தல், எல்லாத்தையும் கொட்டிக் கழுவி வெச்சிரு."

"மீன் தொட்டியையுமாங்க ஐயா?"

"அதுல உயிர் இருக்கு. அத விட்டுரு."

என் பேச்சின் நியாயத்தை எண்ணி அந்தத் துயரத்திலும் ஒரு நிறைவு தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். நாங்கள் சுடலையிலிருந்து திரும்பியபோது வீடு மஞ்சள் தண்ணீர் மணத்தோடு இருந்தது. சன்னலோரத்தில் ஆறு போத்தல்களும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ராக்கம்மா வேலையில் குறை வைக்காதவள்.

அதோடு நின்றிருந்தாலும் பொடிசுகள் தொட்டிக்குள்ளாவது தப்பியிருக்கும். கருமாதிக்கு முதல்நாள், உறவினர் வருவார்களே என்று, நானே தொட்டியைச் சுத்தம் செய்தேன். நான்கு பக்கக் கண்ணாடியையும் பளிங்காகத் தேய்த்தேன். தண்ணீரை வடிகட்ட அடியில் வைத்திருந்த கீழ்த்தொட்டியில் பந்தாகச் சுருண்டிருந்த பாசியை அள்ளி எறிந்தேன். கசடு படிந்திருந்த வடிகட்டும் பஞ்சையும், மூலையில் குவிந்திருந்த பவளக்கல் துண்டுகளையும் குழாய்த் தண்ணீரில் அலசி அலசி வெண்மையாக்கினேன். வந்தவர்கள் எல்லாம், "ஐயா, தொட்டி கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார்கள். நான் தலையசைத்தேன். நீங்கள் ஆண்டுக்கணக்கில் கட்டிய ஒரு ஊரை ஒரு பிற்பகலில் வழித்துத் துடைத்துவிட்டு, பாராட்டையும் வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் என்னைத் தொட்டியருகே கூப்பிட்டாள். உங்களுக்குப் பிறகு அவள் பேசுவது குறைந்திருந்தது. அவளைத் தனியே விட மனமின்றி நானும் பூண்டுலோயாவுக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கியிருந்தேன்.

"அண்ணே, மயிலு வயிறு ஒட்டிப் போச்சு. பாருங்க."

உண்மைதான். தலை பெரிதாகவும், உடல் பக்கவாட்டில் குழிந்தும் இருந்தது. பாறையைக் கொத்துவதும், ஒன்றும் அகப்படாமல் அடுத்த பாறைக்குப் போவதுமாக இருந்தது. கடையில் வாங்கிய மீன் உணவைத் தூவினேன். அது அதன் முகத்தின்மேலேயே விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அது செத்தத தின்னாது," என்றாள். "அவரு சன்னல்ல இருந்து எடுத்து ஊத்துவாரு. அந்தப் போத்தல் எல்லாம் எங்க?"

நான் சொல்லவேண்டியதாயிற்று. அவள் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

"தீட்டுத் தண்ணின்னு கொட்டுனீங்களா? அவரு கையால வளத்த உசுரு அண்ணே அது. அவரு போன வீட்டுல அது மட்டுந்தான் அவரு விட்ட மாதிரியே இருந்துச்சு."

அதன்பின் அவள் சொன்ன ஒன்று என்னை உலுக்கியது. "இதுவும் போச்சுன்னா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். பூட்டிட்டுப் புள்ளகிட்ட கொழும்புக்குப் போயிருவேன்." கொழும்பில் மகள் வீட்டு மாடியறையில், சன்னலைத் திறந்தால் சுவர் தெரியும் இடத்தில், உங்கள் பாக்கியம். அவளுக்கு அது பிடிக்காது என்பது நமக்குத் தெரியாததா?

எனக்குத் தெரிந்த எந்த நூலிலும் இதற்கு விடையில்லை. விடை உங்கள் கைபேசியிலிருந்து வந்தது. பாக்கியம் அதை அணைக்காமல் மின்னேற்றி வைத்திருந்தாள். ஒரு மாலை அதில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது.

"டீமேக்கர் மாத்தயா, ஏன் பேச்சே இல்ல? மாசத்துக்கு மேல ஆச்சு. பொடிசு எல்லாம் சொகமா?"

ஐயா என்பதை 'மாத்தயா' என்னும், சிங்களம் கலந்த தமிழ். ஒரு பெண்குரல். கம்பளையில் வசிக்கும் சோமா என்பவர்; ஓய்வுபெற்ற ஆஸ்பத்திரித் தாதி. உங்களைப் போலவே வீட்டில் உப்புத்தொட்டி வைத்திருப்பவர். நீங்கள் அவரை 'மிஸ்ஸி' என்று அழைத்ததையும், இருவரும் மீனைப் பற்றியன்றி வேறெதுவும் பேசியதில்லை என்பதையும், பழைய குரல் செய்திகளைக் கேட்டு நாங்கள் அறிந்தோம். நான் திரும்ப அழைத்துச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அழுகை முழுதும் அடங்குமுன்பே கேள்வி வந்தது.

"மீன் சாப்பிடுதா ஐயா?"

நடந்ததைச் சொன்னேன்.

"குழாய்த் தண்ணியிலயா கழுவினது?"

"ஆமாங்க."

"எல்லாத்தையும்?"

"எல்லாத்தையும்."

"ஐயா ரொம்ப சுத்தமான ஆள்போல," என்றார். "அதுதான் பிரச்சின. நாளைக்கு ரயில் எடுத்து வாங்க."

மறுநாள் கம்பளைக்குப் போனேன். சோமா மிஸ்ஸி மூன்று போத்தல்களை எனக்காக மேசையில் வைத்திருந்தார். அவற்றை ஒளியில் தூக்கிக் காட்டினார். வெண்புள்ளிகள் ஆயிரமாயிரமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. நன்றி சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"இது என்னோடது இல்ல ஐயா. மாத்தயாவோடது. போன வருசத்துக்கு முன்ன வருசம் அவர் இங்க வந்து ஒரு போத்தல் குடுத்தார். நான் கேக்கவே இல்ல. 'மிஸ்ஸி, ஒரு வீட்டுல மட்டும் இருந்தா அது இல்லாத மாதிரி. ரெண்டு வீட்டுல இருக்கணும்'னு சொன்னார். இதெல்லாம் அந்தப் போத்தலோட பேரப்புள்ளைங்க."

மாப்பிள்ளை, நான் அங்கிருந்த நாற்காலியில் அமர்ந்து கண்ணீர் விட்டேன். தமக்கென ஒன்றையும் பூட்டி வையாத சான்றோரைப் பழம்பாடல்கள் எவ்வளவோ போற்றுகின்றன. அவர்கள் மழைக்கும் மரத்துக்கும் ஒப்பாக நிற்பவர்கள். அத்தகைய ஒருவர் என்னோடு கேரம் ஆடிக்கொண்டும், என் பதிகத்தில் சுருதி விலகியதைச் சுட்டிக்கொண்டும், முப்பது ஆண்டு என் எதிரிலேயே இருந்திருக்கிறார். நான் மூட்டை உப்பையும் பரிகாசத்தையும் மட்டும் கண்டேன்.

திரும்பும் ரயிலில் போத்தல்களைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். எதிரில் இருந்தவர் நாவலப்பிட்டி வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

"கசாயமாங்க ஐயா?"

"ஆமாப்பா."

"யாருக்கு ஒடம்புக்கு முடியல?"

"மீனுக்கு."

அவர் அதன்பின் சன்னலுக்கு வெளியே மட்டும் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை தொடங்கியது. சோமா மிஸ்ஸி சொன்னது இதுதான். மூன்றில் ஒன்றைத் தொட்டியின் மூலையில் ஊற்றவேண்டும். அங்கே பவளக்கல் துண்டுகளைத் துளைக்கூடையில் குவித்து, மீனின் வாய் புகாத இடமாக்க வேண்டும். மீதி இரண்டைத் தொடக்கூடாது. அவற்றைச் சன்னலோரத்தில் வைத்து, பொடிசுகளுக்கு உணவாக அவர் தந்த, நுண்பாசி வளர்ந்த பச்சைத் தண்ணீரைச் சிறிதாக ஊட்டி, இரண்டு மூன்று தலைமுறை பெருக விடவேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஊற்றினால் மயிலு இரண்டு நாளில் தின்று தீர்த்துவிடும். மூன்றாம் நாள் பழைய பட்டினிதான்.

பாக்கியத்திடம் சொன்னேன். அவள் போத்தல்களையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கண்ணு முன்னால பசியில துடிக்குது. சோத்த போத்தல்ல வெச்சுப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"வெத நெல்ல ஆக்கித் திங்கலாமா பாக்கியம்?"

"பசிச்சவனுக்குப் போடுறதுதான் தருமம்னு கோயில்ல மைக்கு வெச்சுப் பேசுனது யாரு? நீங்கதானே?"

நான்தான். பசித்தவர் முன்னே சோற்றை மறைப்பதைவிடக் கொடிது இல்லை என்று ஆண்டுதோறும் திருவிழா மேடையில் பேசியிருக்கிறேன். இப்போது அதே நாவால் மறுத்து நின்றேன். இரக்கத்தின் பெயரால் இன்றே ஊற்றிவிடுவதா? நாளையின் பெயரால் இன்றைக்குக் கல்நெஞ்சனாவதா? நீங்கள் இருந்தால் கேட்டிருப்பேன். நீங்கள் மூக்கை நிமிர்த்திப் போத்தலை முகர்ந்துபார்த்துவிட்டு, ஒரே சொல்லில் முடித்திருப்பீர்கள்.

உங்கள் திறம் முழுதும் எனக்குப் புரிந்தது அந்த வாரங்களில்தான். தொழிற்சாலையில் கொழுந்து புளிக்கும் நேரத்தை நீங்கள் கடிகாரத்தில் பார்த்ததில்லை என்பார்கள். வாசலில் நின்று மூச்சை இழுத்து, "இப்ப அடுப்புக்கு ஏத்து," என்பீர்களாம். பச்சைத் தண்ணீரையும் அப்படித்தான் அறிந்திருக்கிறீர்கள். நன்றாக இருந்தால் வெட்டிய புல்லின் மணம் வரும். கெடத் தொடங்கினால், நிறம் மாறுவதற்கு முன்பே ஒரு புளித்த வாடை எழும். நான் முதல் இரண்டு முறை அந்த வாடையைத் தவறவிட்டேன். சோமா மிஸ்ஸி வித்தாக மறுபடி பச்சைத் தண்ணீர் அனுப்பிவைத்தார். ஹீட்டர் நின்றுபோன மின்வெட்டு நாளில், போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பித் தொட்டியில் மிதக்கவிட்டு, மேலே கம்பளியைப் போர்த்தும் உங்கள் வழியைப் பாக்கியம்தான் எனக்குக் காட்டினாள். இவ்வளவையும் நீங்கள் செய்தது ஒரு விரலளவு மீனுக்காக. நம் கண்ணுக்கு எளிதில் எட்டாத புள்ளிகளுக்காக. ஒருநாளும் நீங்கள் அலுத்துக்கொண்டு நான் கேட்டதில்லை.

நானும் ஒன்று கற்றேன். கற்க எனக்குக் கடினமாக இருந்த ஒன்று. கண்ணாடியைத் தேய்க்காதிருக்க வேண்டும். பஞ்சை அலசாதிருக்க வேண்டும். கீழ்த்தொட்டியில் பாசி தடித்துப் படர்ந்தால், படரட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். அடியில் படியும் கசடுதான் அவற்றுக்கு ஊர், பாசிதான் வீடு, கழிவுதான் விருந்து. தூய்மை என்பது ஒன்றுமில்லாதிருப்பது என்று எழுபத்து நான்கு வயதுவரை எண்ணியிருந்தேன். அதிகாலையில் குளித்து நீறணிந்து, பிறகு ஒரு அழுக்குத் தொட்டியின் முன்னே, அதைத் தொடாதிருக்கும் விரதம் காத்தேன். அந்த விரதம் எனக்கு எந்த நோன்பைவிடவும் கடுமையாக இருந்தது.

ஆயினும் நான் முழுவதும் நிலைத்து நின்றேன் என்று சொல்ல மாட்டேன். பன்னிரண்டாம் நாள், பாக்கியம் கடைக்குப் போயிருந்தாள். மயிலு மணலில் படுத்திருந்தது. செவுள் மட்டும் அசைந்தது. என் மனம் உடைந்தது. தொடக்கூடாத போத்தல்களில் ஒன்றை எடுத்து அரைவாசியை ஊற்றிவிட்டேன். மீன் எழுந்து கொத்தத் தொடங்கியபோது எனக்கு வந்த மகிழ்ச்சியை எந்தத் திருவிழாவிலும் நான் அடைந்ததில்லை. பிறகு பயம் வந்தது. விதையைச் சோறாக்கிவிட்டேனே.

அவள் திரும்பியதும் ஒப்புக்கொண்டேன். அவள் பையைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தாள். உதடு துடித்தது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். உங்களுக்குப் பிறகு முதல்முறையாகச் சிரித்துவிட்டாள்.

"நீங்க இன்னைக்குத்தானா அண்ணே? நான் மொத நாள்லேருந்து காலையில ஒரு கரண்டி ஊத்திக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்க பூசையில கண்ண மூடுவீங்களே, அப்ப."

"நான் தொடக் கூடாதுன்னு சொன்னேனே!"

"நீங்க சொல்லுவீங்க. நீங்க கொட்டவும்தான் சொன்னீங்க."

அன்று மாலை சோமா மிஸ்ஸியை அழைத்துச் சொன்னேன். அவர் நீண்ட பெருமூச்சு விட்டார். "அந்த ஒரு கரண்டிதான் ஐயா இவ்வளவு நாள் மீனக் காப்பாத்தி இருக்கு. அம்மாவ ஊத்தச் சொல்லுங்க. நீங்க ஊத்த வேணாம்." கொடுப்பதிலும் ஒரு அளவு இருக்கிறது, அது என் மேடைப்பேச்சில் இல்லை, என் தங்கையின் கரண்டியில் இருந்தது. அவள் அதை யாரிடம் கற்றாள்? நாள்தோறும் காலையில் உங்கள் கையைப் பார்த்துத்தானே?

இப்போது நீங்கள் காத்திருக்கும் செய்தி. சென்ற மாதம் ஒரு விடிகாலை, விளக்கைப் போடுமுன் கைவிளக்கைத் தொட்டியின் பக்கக் கண்ணாடியில் அடித்துப் பார்த்தேன். பாசியின் மெல்லிய பச்சைத்தோலின்மேல் வெண்புள்ளிகள். ஒன்று, பத்து, எண்ண இயலாத அளவு. துள்ளின, நின்றன, மறைந்தன, மீண்டும் வந்தன. நாங்கள் கரண்டியால் ஊற்றியவை அல்ல அவை; தொட்டிக்குள்ளேயே பிறந்தவை. உருப்பெருக்கியில் பார்த்தேன். அடிவயிற்றில் முட்டைப் பொதி. நெற்றியில் ஒற்றைக் கண். என்னையறியாமல் கைகூப்பினேன். பாக்கியத்தை எழுப்பினேன். இருவரும் குளிரில் தரையில் உட்கார்ந்து, விடியும்வரை அந்தக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மயிலுவின் வயிறு இன்று உருண்டையாக இருக்கிறது. பாறைக்குப் பாறை போய், ஒவ்வொரு கொத்துக்கும் ஏதோ ஒன்று கிடைக்க, அரசன் போல மெதுவாக நகர்கிறது. சன்னலோரத்தில் மறுபடி ஆறு போத்தல்கள். ஏழாவது ஒன்றும் இருந்தது. அதை ஹட்டனில் புதிதாக உப்புத்தொட்டி வைத்திருக்கும் ஒரு கடைக்காரருக்கு நேற்றுக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. பாக்கியம்தான் கொடுக்கச் சொன்னாள். கொழும்புப் பேச்சை அவள் இப்போது எடுப்பதில்லை. மகள் தொலைபேசியில் கூப்பிட்டபோது, "எனக்கு இங்க வேல இருக்குடி," என்று சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

ஒரு மனத்தாங்கல் மட்டும் எங்களிடையே இருந்தது. பாசி ஏறியதால் தொட்டிக்குள் ஒன்றும் தெரியவில்லை. நானோ துணி எடுக்கவே அஞ்சினேன். நேற்றுக் காலை அவள் ஒரு பழைய துண்டோடு வந்து, தொட்டியின் முன்னே முழங்காலிட்டு, முன்கண்ணாடியை மட்டும் மெல்ல வழித்தாள். உள்ளே உங்கள் கடல் திடீரெனத் திறந்துகொண்டது. மயிலு நேராக எங்களைப் பார்த்தது.

"முன்பக்கம் மட்டும் அண்ணே, நாம பாக்க. மத்த மூணு பக்கமும் அதுகளுக்கு."

மாப்பிள்ளை, உங்களுக்கு என்னால் தரக்கூடிய வாக்கு ஒன்றே ஒன்று. எத்தனை விருந்தினர் வந்தாலும், எந்தப் பண்டிகை வந்தாலும், என் கை எவ்வளவு துடித்தாலும், அந்த மூன்று பக்கங்களையும் நான் தொட மாட்டேன்.

உங்கள் பாக்கியத்தின் அண்ணனும்,
இனி உங்கள் பொடிசுகளுக்கும் தாய்மாமனுமாகிய
உங்கள் மச்சான், சிவநேசன்
தலவாக்கலை